‘தொடரும்’ தேவைப்படாத அத்தியாயங்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், ஓடிடி தொடர்களை அவற்றின் கதையை வைத்து மதிப்பிடுவதைக் காட்டிலும், தனித்தனி அத்தியாயங்களின் தரத்தை வைத்து மதிப்பிடுவதே நியாயம் என்று எழுதியிருந்தேன். அதற்கு உடன்பட்டும் முகம் சுளித்தும் தில்லி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கதையின் முக்கியத் திருப்பங்கள் சில பதில்களில் வெளிப்படும் என்பதால், பார்க்காதவர்கள் அவற்றைத் தாண்டிச் செல்லலாம்.

கேள்வி: தொடர் மொத்தத்தில் நன்றாக இருந்தால் போதாதா? சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டால், ரசத்தை மட்டும் தனியே எடுத்து ஆராய்வது போல இருக்கிறது உங்கள் வாதம்.
– ஓய்வுபெற்ற அரசு அலுவலர், ஆர்.கே. புரம்

பதில்: ரசம் சரியில்லாத சாப்பாட்டை நன்றாக இருந்தது என்று ஒப்புக்கொள்ளும் தஞ்சாவூர்க்காரர் யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. அது இருக்கட்டும். நம் கோயில்களில் ஒன்பது நாள் இராமாயண உபன்யாசம் நடக்கும்போது, ஒன்பது நாளும் வந்து உட்காருகிறவர்கள் முன்வரிசையில் இருக்கும் சிலர்தான். அலுவலகம் முடிந்து ஆறாம் நாள் மட்டும் வந்து, தூணோரம் சாய்ந்துகொண்டு கேட்கிறவர்களே பலர். தேர்ந்த உபன்யாசகர் அந்தத் தூணோரத்து ஆளையும் நிறைவோடு வீட்டுக்கு அனுப்பிவைப்பார். கம்பன் காண்டங்களைப் படலங்களாகப் பிரித்ததிலும் இந்த விவேகம் இருக்கிறது. வாலி வதைப் படலத்தை மட்டும் படிக்கிறவனுக்கும் ஒரு முழு வழக்கு, அதன் இரு தரப்பு, ஒரு மரணம் ஆகிய மூன்றும் கிடைத்துவிடுகின்றன.

அண்மைக் காலத்தில் இப்படி ஒரு படலத்தை நான் கண்டது, 2025 மார்ச்சில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘அடலசன்ஸ்’ என்ற பிரிட்டிஷ் தொடரின் மூன்றாம் அத்தியாயத்தில். மொத்தமே நான்கு அத்தியாயங்கள். ஜேமி என்ற 13 வயதுச் சிறுவன் உடன்படித்த மாணவியைக் கொன்றதாகக் கைது செய்யப்படுகிறான். கைதாகி ஏழு மாதங்கள் கழித்து, அவன் அடைக்கப்பட்டிருக்கும் இடத்துக்கு ஓர் உளவியலாளர் வருகிறார். அத்தியாயத்தின் பெரும்பகுதி ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், இரண்டு பேர், அவ்வளவுதான். அந்தப் பெண் அவனுக்குச் சூடான சாக்லேட் பானமும், பாதி சாண்ட்விச்சும் கொண்டுவந்திருக்கிறார். சாண்ட்விச்சில் இருக்கும் ஊறுகாய் தனக்குப் பிடிக்காது என்று சொன்ன பையன், பேச்சின் நடுவே அதை எடுத்து ஒரு கடி கடிக்கிறான். அந்தக் கடியில் அவன் குழந்தை. அடுத்த நிமிடமே எழுந்து நின்று அவர் தலைக்கு மேல் குனிந்து கத்தும்போது, நமக்கே நாற்காலியைப் பின்னால் நகர்த்த வேண்டும் போலிருக்கிறது. கொலை செய்தானா இல்லையா என்பதைப் பற்றி இந்த அத்தியாயம் அலட்டிக்கொள்வதே இல்லை. இதுதான் கடைசிச் சந்திப்பு என்று தெரிந்ததும், தன்னை அவருக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டுக் கதறுகிற பையனை இழுத்துச் செல்கிறார்கள். முதல் இரண்டு அத்தியாயங்களைப் பார்க்காதவருக்கும் இந்த ஒரு மணி நேரம் முழுமையாக விளங்கும் என்பது என் துணிபு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கடைசிக் கேள்வியில் வீட்டுச் சாட்சி ஒன்று வைத்திருக்கிறேன்.

கேள்வி: அதே தொடரில் ஒவ்வோர் அத்தியாயத்தையும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்தார்களாமே? இது வெறும் வித்தை காட்டுவதுதானே?
– கல்லூரி மாணவர், முனிர்கா

பதில்: வித்தைதான், ஆனால் கழைக்கூத்தாடியின் வித்தை, மந்திரவாதியின் வித்தை அல்ல. கணினியில் ஒட்டுப்போட்டு ஒரே ஷாட் போலத் தோன்றச் செய்வது மந்திரவாதியின் வேலை. இயக்குநர் ஃபிலிப் பாரன்டினி அத்தியாயம் முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்தார்; எங்கேயாவது பிசகினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் நடிகர்களின் ஒத்திகைக்கு ஒரு வாரம், கேமராவோடு ஒத்திகைக்கு ஒரு வாரம், படப்பிடிப்புக்கு ஒரு வாரம் என்று கணக்கு. ஜேமியாக நடித்த ஓவன் கூப்பருக்கு இதுவே முதல் நடிப்பு வேலை. அதிலும் முதலில் எடுக்கப்பட்டது அந்தக் கடினமான மூன்றாம் அத்தியாயம். 15 வயதில், 2025 செப்டம்பரில், நடிப்புக்கான எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருதை வென்ற ஆண்களிலேயே இளையவர் என்ற பெயரை அந்தப் பையன் பெற்றான்.

ஆனாலும் உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தில், போலீசார் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பகுதியில், வகுப்பறைகளுக்கும் வராந்தாக்களுக்கும் ஓடிக்கொண்டேயிருக்கும் கேமராவை நான் கவனித்த அளவுக்குப் பிள்ளைகளைக் கவனிக்க முடியவில்லை. சமூக வலைத்தளங்களில் பிள்ளைகள் போட்டுக்கொள்ளும் இமோஜிகளுக்கு என்ன பொருள் என்று அதிகாரியின் மகன் அப்பாவுக்கு விளக்குகிற இடமோ, அப்பட்டமாகப் பாடப்புத்தகம். கடைசியில் கேமரா டிரோனில் ஏறி ஊரின் மேல் பறந்து, அந்தப் பெண் கொலையுண்ட இடத்தில் ஜேமியின் தந்தை பூக்களை வைக்கும்போது தரையிறங்குகிறது. அந்தத் தரையிறக்கத்துக்காக முன்னால் நடந்த ஓட்டத்தை மன்னித்தேன்.

கேள்வி: நீங்கள் புகழ்ந்தீர்கள் என்று ‘சக்சஷன்’ நான்காம் சீசனின் மூன்றாம் அத்தியாயத்தைப் பார்த்தேன். அத்தனை பெரிய மனிதரின் மரணத்தைக் காட்டவே இல்லையே! இது பார்வையாளரை ஏமாற்றுவதாகாதா?
– வங்கி அலுவலர், கரோல் பாக்

பதில்: பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: ஊடகப் பேரரசு ஒன்றை நடத்தும் லோகன் ராய் என்ற கிழவர், அவருடைய நாற்காலிக்கு அடித்துக்கொள்ளும் பிள்ளைகள், இதுதான் ஜெஸ்ஸி ஆம்ஸ்ட்ராங் உருவாக்கிய எச்பிஓ தொடர். 2018 முதல் 2023 வரை நான்கு சீசன்கள் வந்தன. நீங்கள் குறிப்பிடும் அத்தியாயம் 2023 ஏப்ரல் 9 அன்று ஒளிபரப்பானது. தலைப்பில் இருப்பது மூத்த மகனின் கல்யாணம்; உள்ளே நடப்பது அப்பாவின் சாவு. பத்து அத்தியாயங்கள் கொண்ட சீசனில் கடைசிக்கு முந்தையதாக வரவேண்டிய சாவை மூன்றாவதிலேயே, அதுவும் தொடங்கிய கால் மணி நேரத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

ஏமாற்றியதாக எனக்குப் படவில்லை. அப்பா விமானத்தில் இருக்கிறார். பிள்ளைகள் கல்யாணக் கப்பலில் இருக்கிறார்கள். அப்பாவோடு விமானத்தில் இருக்கும் மகளின் கணவர் தொலைபேசியில் கூப்பிட்டு, நெஞ்சை அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள், அவர் காதருகே ஃபோனைப் பிடிக்கிறேன், பேச வேண்டியதைப் பேசுங்கள் என்கிறார். ஒருவர் மாற்றி ஒருவராகப் பேசுகிறார்கள். கேட்கிறதா என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. மூத்தவர்களில் ஒருவன், உங்களை மன்னிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் அன்பையும் சொல்கிறான். கேமரா அப்பாவின் முகத்தைக் காட்டியிருந்தால் நாம் பிள்ளைகளைவிட அதிகம் தெரிந்தவர்களாகிவிடுவோம். அந்த நிமிடமே காட்சி செத்துப்போயிருக்கும். இயக்குநர் மார்க் மைலோட் இதை ஃபிலிமில் எடுத்தார். ஒரு ஃபிலிம் சுருள் பத்து நிமிடம் போலத்தான் ஓடும் என்பதால், ஒரு கேமராவில் சுருள் மாற்றும்போது இன்னொன்று ஓடும்படி ஏற்பாடு செய்து, ஏறக்குறைய அரை மணி நேரம் நடிகர்களை நிறுத்தாமல் நடிக்க விட்டிருக்கிறார். அந்தக் குரல்களில் இருக்கும் நடுக்கம் அப்படி வந்ததுதான்.

இதில் எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு, மறைப்பானேன். பல ஆண்டுகளுக்கு முன்பு கும்பகோணத்து வீட்டில் என் தம்பி அப்பாவின் காதோரம் கைபேசியைப் பிடித்துக்கொண்டு, “பேசுண்ணா, கேக்கறார்” என்றான். மயூர் விஹாரில் பால்கனியில் துணி காயும் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு வாயில் வந்தது, “டிக்கெட் போட்டாச்சுப்பா” என்ற இரண்டு சொற்கள்தான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு. தில்லியில் இருக்கும் நம்மில் எத்தனை பேர் பெற்றோரின் கடைசி நிமிடத்தை நேரில் பார்த்திருக்கிறோம்? அந்த அத்தியாயம் பெரும் பணக்காரர்களைப் பற்றியது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

கேள்வி: ‘பாதாள் லோக்’ தொடரில் யமுனைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களையெல்லாம் பாதாளவாசிகள் ஆக்கிவிட்டார்களே. நீங்களும் இந்தப் பக்கம்தானே, கோபம் வரவில்லையா?
– இல்லத்தரசி, மயூர் விஹார்

பதில்: வந்தது; முதல் சீசன் தொடங்கிய சில நிமிடங்களிலேயே வந்தது. ஜம்னாபார் காவல் நிலையத்து ஆய்வாளர் ஹாதிராம், உலகம் மூன்று என்றும், மேலே தேவர்கள், நடுவே மனிதர்கள், கீழே பாதாளத்தில் பூச்சிகள் என்றும் விளக்கிவிட்டு, இது சாஸ்திரத்தில் இருக்கிறது, ஆனால் நான் வாட்ஸாப்பில் படித்தேன் என்று முடித்ததும் கோபம் போய்விட்டது. நம் காலனி வாட்ஸாப் குழுவில் தினமும் காலையில் வருவதைவிட அது மோசமில்லை.

2020 மே மாதம் வந்த முதல் சீசனுக்குப் பிறகு, இரண்டாவது 2025 ஜனவரி 17 அன்றுதான் வந்தது. இம்முறை வழக்கு நாகாலாந்துக்குப் போகிறது. உரையாடலில் கணிசமான பகுதி நாகாமீஸ் மொழியில் இருக்கிறது. இந்தி நிலத்துப் போலீஸ்காரர் ஒருவர் மொழி தெரியாத ஊரில் விழிப்பதை, தில்லிக்கு வந்த முதல் மாதத்தில் காய்கறிக்காரரிடம் விழித்த எந்தத் தமிழரும் ரசிப்பார். ஜெய்தீப் அஹ்லாவத்தின் முகத்தைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. முதல் சீசனில் அவருக்குக் கீழே இருந்த இளைஞர் அன்சாரி, இப்போது ஐபிஎஸ் தேறி மேலே போய்விட்டார். அந்த உறவின் கூச்சமும் பெருமையும் வரும் இடங்களில் வழக்கே தேவையில்லை என்று தோன்றுகிறது. அந்த உறவுக்கு நடுவழியில் நேர்வதை நான் சொல்லப்போவதில்லை. சொல்ல விரும்புவது ஒரு குறை: அதன் பிறகு வரும் அத்தியாயங்கள் துக்கத்துக்கு இடம் கொடுக்காமல், யார் யாரைக் கொன்றார்கள் என்ற முடிச்சுகளை அவிழ்க்க ஓடுகின்றன. ஒரே ஓர் அத்தியாயம், ஹாதிராம் ஒன்றும் கண்டுபிடிக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் அத்தியாயம், அங்கே வைத்திருக்கலாம்.

கேள்வி: திகார் சிறை மதிலை ஒட்டிப் பேருந்தில் தினமும் போகிறவள் நான். ‘பிளாக் வாரன்ட்’ பார்த்த பிறகு அந்தப் பக்கம் திரும்பவே முடியவில்லை. உங்கள் கருத்து?
– ஆசிரியை, ஜனக்புரி

பதில்: திகாரில் பணியாற்றிய சுனில் குப்தாவின் அனுபவ நூலை வைத்து விக்ரமாதித்ய மோட்வானே குழுவினர் எடுத்து 2025 ஜனவரியில் வெளியிட்ட, ஏழு அத்தியாயங்கள் கொண்ட தொடர் இது. என் கட்சிக்கு வலுச் சேர்க்கும் தொடர் என்பதால் எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு. பெரும்பாலான அத்தியாயங்கள் ஒரு கைதியை அல்லது ஒரு வழக்கை மையமாகக் கொண்டு தனியே நிற்கின்றன. தில்லியில் அக்கா, தம்பி இருவரைக் கடத்திக் கொன்ற ரங்கா, பில்லா இருவரும் 1982இல் தூக்கிலிடப்பட்டதைச் சொல்லும் பகுதியில், தூக்கு என்பது சட்டம் அல்ல, கயிறு, எடை, நெம்புகோல், அதை இழுக்கும் ஒரு கை என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். வேலைக்குப் புதிதாக வந்த ஒல்லி இளைஞனின் கண்வழியே அதைப் பார்ப்பதால்தான் உங்களால் மதில் பக்கம் திரும்ப முடியவில்லை. தொடர்கொலைகாரன் சோப்ராஜ் வரும் இடங்களில் மட்டும் தொடர் அவனுடைய ஸ்டைலில் தானே மயங்கிவிடுகிறது. இடைச்செருகலாக ஒன்று: அடுத்த முறை அந்தப் பேருந்தில் போகும்போது காவல் நிற்பவர்களைப் பாருங்கள். திகார் காவலில் நெடுங்காலமாகத் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினர் இருக்கிறார்கள். மதிலோரத்தில் தமிழ் காதில் விழுந்தால் பயம் சற்றுக் குறையலாம்.

கேள்வி: தமிழிலும் ‘சுழல்’ போன்ற தொடர்கள் வருகின்றனவே. அவற்றை ஏன் சேர்த்துக்கொள்வதில்லை?
– சட்ட அலுவலர், துவாரகா

பதில்: சேர்த்துக்கொள்ளவே ஆசை. புஷ்கர்–காயத்ரி உருவாக்கிய ‘சுழல்’ 2022 ஜூனில் வந்தபோது, மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாட்களையே கதையின் நாட்களாக்கியது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. திருவிழா என்பதே ஒரு தொடர்தான். கொடியேற்றத்தில் தொடங்கும், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாகனம் உண்டு. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் சீசன் அஷ்டகாளித் திருவிழாவை எடுத்துக்கொண்டது. வழக்கறிஞர் ஒருவர் கொல்லப்படுகிறார்; எட்டுப் பெண்கள் வெவ்வேறு ஊர்களில் சரணடைந்து, நான்தான் கொன்றேன் என்கிறார்கள். இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எட்டு அத்தியாயங்கள், எட்டுப் பெண்கள்! ஆளுக்கோர் அத்தியாயம் கொடுத்திருந்தால் எட்டுப் படலங்கள் கிடைத்திருக்கும். நமக்குக் கிடைத்ததோ எட்டுக் கொக்கிகள். ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசி நிமிடத்திலும் ஒரு கதவு திறக்கிறது அல்லது ஒரு கைபேசி ஒலிக்கிறது. வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் ‘தொடரும்’ என்ற சொல்லுக்கு மேலே கதாநாயகியை வீலென்று அலறவிட்டு, அடுத்த வாரம் அது பூனை என்று முடித்த பரம்பரை நம்முடையது. அந்தப் பழக்கம் விடவில்லை. அந்தப் பெண்களில் இருவரின் முகம்கூட இப்போது எனக்குத் தனித்து நினைவில் இல்லை. நடிகைகள் மேல் அதில் குற்றமில்லை.

கேள்வி: ‘செவரன்ஸ்’ இரண்டாம் சீசனுக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காத்திருந்தோம். பிறகு வாரம் ஒன்றாக விட்டு இன்னும் இழுத்தார்கள். மொத்தமாகக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?
– மென்பொருள் பொறியாளர், நொய்டா

பதில்: அலுவலகத்தில் இருக்கும்போது வீட்டு நினைவும், வீட்டில் இருக்கும்போது அலுவலக நினைவும் இல்லாதபடி மூளையில் அறுவை செய்துகொண்டவர்களின் கதை அது. நொய்டாவிலிருந்து இதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் சீசன் தொடங்கியதும் 2025 ஜனவரி 17 தான். ‘பாதாள் லோக்’ வந்த அதே நாள். அதை எட்டு அத்தியாயங்களாக ஒரே இரவில் விழுங்கினேன். இதைப் பத்து வாரம் மென்றேன். ஏழாம் அத்தியாயம் எனக்கு இன்று காட்சி காட்சியாக நினைவிருப்பதற்கு, அதைப் பார்த்தபின் ஒரு வாரம் வேறு வழியில்லாமல் அதையே அசைபோட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு தம்பதியின் சில ஆண்டு வாழ்க்கை. தொடரின் ஒளிப்பதிவாளர் ஜெசிகா லீ கான்யே முதன்முறையாக இயக்கியது. இறந்துவிட்டதாக நாம் நம்பிய மனைவி யார் என்ற கேள்வி ஒன்றரை சீசனாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் கதையை நிறுத்திவிட்டு அவரிடம் போனபோது நமக்கு உறுத்தவில்லை. அடுத்த வாரம் வந்த எட்டாவதும் அதே போலக் கதையை நிறுத்தி, பழைய மேலதிகாரியை அவருடைய கடலோர ஊருக்கு அனுப்பியது. யாரும் கேட்காத கேள்விக்குப் பதில், பொறுமை இழந்தேன்.

கேள்வி: தில்லி மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். வேலை முடிந்து வந்தால் கணவர் ‘தி பிட்’ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இது தேவையா?
– வாசகி, லட்சுமி நகர்

பதில்: தேவையில்லை, அவருக்குத் தேவை. அதுவும் அவசரப் பிரிவுக் கதைதான்: ஓர் அத்தியாயம் ஒரு மணி நேரப் பணி, முதல் சீசனின் 15 அத்தியாயங்கள் ஒரே நாள். காலை ஏழு மணிக்குத் தொடங்கும் பணி முடியவேண்டிய நேரத்தில் முடியாமல் நீள்கிறது. என் வாதத்தை உடைக்கும் தொடர் இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்த அத்தியாயமும் தனியே நிற்பதில்லை, ஒரு நோயாளி மூன்று மணி நேரம் அப்படியே படுக்கையில் கிடக்கிறார். அதுதான் அங்கே உண்மை என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்பதாம் அத்தியாயத்தின் முடிவில், நெடுநேரம் காத்திருந்து எரிச்சலடைந்த ஒருவன் தலைமைச் செவிலியரின் முகத்தில் குத்துகிறான். அந்தச் செவிலியராக நடித்த கேத்தரின் லனாஸா 2025இல் எம்மி வாங்கினார். அந்த ஆண்டின் சிறந்த நாடகத் தொடர் விருதும் இதற்கே. அந்த ஒன்பதாவதைக் கணவரோடு சேர்ந்து பாருங்கள். பார்த்து முடித்ததும் அன்றைய சமையலை அவரிடம் விட்டுவிடலாம்.

கேள்வி: ஆங்கிலம் தெரியாத பெரியவர்களோடு உட்கார்ந்து இவற்றைப் பார்ப்பது எப்படி? தமிழ் ஒலியோடு போட்டால் குரல் ஒட்டவில்லை. எழுத்துப் போட்டால் அம்மாவுக்குக் கண் தெரியவில்லை.
– வாசகர், ரோகிணி

பதில்: எனக்கும் வழி தெரியாமல்தான் இருந்தது. நான் ‘அடலசன்ஸ்’ மூன்றாம் அத்தியாயத்தை இரண்டாம் முறை பார்த்துக்கொண்டிருந்தபோது, 81 வயதான என் மாமியார் கையில் கீரைக்கட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முன்கதை தெரியாது, ஆங்கிலம் தெரியாது, கதையைச் சொல்லட்டுமா என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டார். கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தவர், பையன் முதன்முறை கத்தியபோது கையை நிறுத்தினார், பிறகு ஆயவில்லை. பையனை இழுத்துக்கொண்டு போன பிறகு, தனியாக விடப்பட்ட அந்தப் பெண் மேசையிலிருப்பதை ஒழுங்குபடுத்துகிறார். கடிபட்ட சாண்ட்விச்சின் பக்கம் போன கை பின்வாங்குகிறது. மாமியார் என் பக்கம் திரும்பி, “கொழந்தை கடிச்சதுதானே, அதைத் தொட ஏன் இப்படிக் கூசறா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள், “சரி, சரி, புரிஞ்சுது” என்று சொல்லிவிட்டுக் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.